டீச்சரைக் கேளுங்கள்: உறைந்த தேனும் கல்லான அதிரசமும்

போன இதழில் இந்தப் பக்கத்தின் கடைசியில், "சர்க்கரையின் வேதியியல் பற்றிக் கேட்க இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சர்க்கரை நோய் பற்றியவை. நான் டாக்டர் இல்லை. கொடைக்கானலில் 31 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திவிட்டு, இப்போது வீட்டில் உட்கார்ந்து பேரி மரத்தையும் அதைக் கொத்த வரும் குருவிகளையும் பார்த்துக்கொண்டிருப்பவள். மாத்திரையின் அளவை என்னிடம் கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மீதிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். நான் விருதுநகர்ப் பக்கம் பிறந்தவள். கடையில் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளைப் பொருள் எங்களுக்குச் சீனி. இங்கேயும் அந்த வழக்கப்படியே எழுதுகிறேன். சர்க்கரை என்று எழுதினால் அது ஒரு குடும்பப் பெயர். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கேலக்டோஸ் மூன்றும் அந்தக் குடும்பத்தின் ஒற்றை ஆட்கள். இரண்டிரண்டு பேராகக் கைகோத்தால் கிடைப்பவற்றில் சீனியும் ஒன்று, பாலில் இருக்கும் லாக்டோஸும் ஒன்று. சீனி என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும். லாக்டோஸ் என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு கேலக்டோஸும். இது போதும், தொடங்கலாம்.

தாண்டிக்குடி பக்கம் தெரிந்த பளியர் பழங்குடிக் குடும்பத்திடம் வைகாசியில் ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கினேன். மார்கழி பிறந்ததும் அடியில் வெள்ளையாகக் கட்டிவிட்டது, மேலே தண்ணீர் மாதிரி நிற்கிறது. "சீனிப்பாகைக் கலந்து ஏமாற்றிவிட்டான்" என்கிறார் என் மாமியார். கொட்டிவிடவா?
— வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

கொட்டாதீர்கள் அம்மா. விற்றவர் மேலும் பழி போடாதீர்கள். உங்கள் வீட்டுக் குளிர் செய்த வேலை இது.

தேனில் நூற்றுக்குச் சுமார் 38 பங்கு ஃபிரக்டோஸ், 31 பங்கு குளுக்கோஸ், 17 பங்கு தண்ணீர் என்பது ஒரு சராசரிக் கணக்கு. மீதியில் வேறு சில சர்க்கரைகளும், கொஞ்சம் அமிலமும், பூவின் மணமும். இனி ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 25 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 90 கிராம் குளுக்கோஸ்தான் கரையும். ஃபிரக்டோஸ் அப்படி இல்லை, அதே தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். தேனில் 17 கிராம் தண்ணீருக்கு 31 கிராம் குளுக்கோஸ் என்றால், 100 கிராம் தண்ணீருக்கு 180 கிராமுக்கும் மேல் வருகிறது. கரையக்கூடியதைப் போல இரண்டு மடங்கு. ஃபிரக்டோஸ் 220 கிராம் சொச்சம்தான், அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆகவே தேன் பாட்டிலுக்குள் ஃபிரக்டோஸ் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. குளுக்கோஸ், டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர் மாதிரி, எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இறங்குவதற்கு அதற்குப் பிடித்த வெப்பநிலை 14 டிகிரியை ஒட்டி. அதைவிடச் சூடு ஏற ஏறக் கரைந்து கிடக்கவே பார்க்கும். ரொம்பக் குளிர்ந்தால் தேன் கெட்டியாகி மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றுசேர முடியாமல் போகும். மதுரையில் வருஷம் முழுக்க இந்த 14 டிகிரி கிடைப்பதில்லை, அதனால் மதுரைக்காரர்கள் உறைந்த தேனை அதிகம் பார்த்ததில்லை, பார்த்தால் சந்தேகப்படுகிறார்கள். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் அடுக்களை அலமாரியே 13, 14 டிகிரியில்தான் இருக்கிறது. என் வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவள் நான்.

எல்லாத் தேனும் ஒரே வேகத்தில் உறையாது. எந்தப் பூவில் எடுத்தது என்பதைப் பொறுத்து குளுக்கோஸ் கூடும், குறையும். குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் ஒரு மாதத்திலேயே கட்டிவிடும். ஃபிரக்டோஸ் மிகுந்தது வருஷக்கணக்கில் ஓடும். அப்புறம், தூசியோ மகரந்தமோ மெழுகுத் துணுக்கோ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். வடிகட்டாத மலைத்தேன் சீக்கிரம் உறைய இதுவும் ஒரு காரணம். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமியாருக்கு நேர் எதிராகத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கோளாறு இல்லாத தேன்தான் உறைகிறது. (அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம். எனக்கும் உங்களுக்கும் நல்லதல்ல.)

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாட்டிலை, கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் அரைமணி நேரம் நிறுத்துங்கள், ஆறினால் தண்ணீரை மாற்றுங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். அதிகம் சூடேறினால் தேனின் அமிலத்தில் ஃபிரக்டோஸ் தண்ணீரை இழந்து வேறு பொருளாக மாறத் தொடங்கும், நிறம் கறுக்கும், மணம் போகும். இன்னொன்று: மேலே நிற்கும் அந்தத் தண்ணீர்ப் பகுதியைக் கவனியுங்கள். குளுக்கோஸ் படிகமாகும்போது தன்னோடு கொஞ்சம்தான் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது, மிச்சமெல்லாம் மேலே தங்கிவிடுகிறது. நீர்த்த அந்தப் பகுதியில் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். நுரைத்துப் புளிப்பு வாடை வந்தால்தான் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

தீக்குச்சியைத் தேனில் நனைத்துப் பற்றவைப்பது, தண்ணீரில் சொட்டு விடுவது, நாய் நக்குகிறதா பார்ப்பது, இந்தச் சோதனைகள் எல்லாமே வீண். தேனீ பூந்தேனில் இருக்கும் சீனியைத் தன் நொதியால் இரண்டாக உடைத்துத்தான் தேன் செய்கிறது. தொழிற்சாலையிலும் அமிலமோ நொதியோ சேர்த்துச் சீனியை அதே இரண்டாக உடைக்கிறார்கள். அந்தப் பாகைக் கலந்தால் தீக்குச்சிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆய்வகத்துக்குத்தான் தெரியும். தெரிந்த கையில் வாங்குவது ஒன்றே வழி, அதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை வீட்டில் இருந்தால் மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தடவாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் வலு பச்சைக் குழந்தையின் குடலுக்கு இல்லை.

நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லது, சீனிதான் விஷம் என்கிறார்களே?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான் (சீனிக்கு வேதியியல் வைத்த பெயர்). வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் கொஞ்சம் உடைந்த குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சிறிதளவு இரும்பு, பொட்டாசியம், நல்ல மணம் உண்டு. ரத்தத்துக்குள் போகும்போது அது கரும்பு ஆலையிலிருந்து வந்ததா, தகரக் கொப்பரையிலிருந்து வந்ததா என்று குடல் விசாரிப்பதில்லை. ருசிக்காகச் சாப்பிடுங்கள். மருந்து என்று நினைத்துக்கொண்டு இரண்டு கரண்டி கூடப் போடாதீர்கள்.

மதுரையிலிருந்து கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்தேன். அங்கே நன்றாக வந்த மைசூர்பாகும் அதிரசமும் இங்கே சரியாக வருவதில்லை. யூடியூப் பார்த்து, சமையல் தெர்மாமீட்டர் வாங்கி, சொன்ன டிகிரியில்தான் இறக்குகிறேன். என் கையிலா கோளாறு?
— வாசகி, கொடைக்கானல்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். ஏனென்றால் 1987 தீபாவளிக்கு இதே தப்பை நான் செய்திருக்கிறேன், அதுவும் வேதியியல் டீச்சர் என்ற திமிரோடு.

அப்போது இங்கே வந்து ஒரு வருஷம். அம்மா விருதுநகரிலிருந்து வந்திருந்தார். அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது அவர் கிண்ணத்துத் தண்ணீரில் சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பதைக் கண்டு, "இதெல்லாம் எதற்கம்மா, அறிவியல் இருக்கும்போது" என்று சொல்லிவிட்டு, ஆய்வகத் தெர்மாமீட்டரைப் பாகுக்குள் விட்டேன். (பாதரசம் உள்ளது. உடைந்திருந்தால் அத்தனையும் விஷம். என் மாணவர்கள் யாராவது இப்படிச் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.) புத்தகத்தில் உருட்டுப் பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி என்று போட்டிருந்தது. நடுவில் 114 வந்ததும் இறக்கினேன். மாவு சேர்த்தேன். மூன்றாம் நாள் சுட்ட அதிரசத்தை என் வீட்டுக்காரர் கடித்துவிட்டு, "இதைத் தட்டிப் பார்த்தால் மணி மாதிரி ஒலிக்கும்போல" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

என்ன நடந்தது என்றால், பாகின் பதம் என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான். உருட்டுப் பதத்தில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு சர்க்கரை, 15 பங்கு தண்ணீர். சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பாகு, வெறும் தண்ணீரைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். தண்ணீர் வற்ற வற்ற கொதிநிலை ஏறும். அதனால் டிகிரியைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த அட்டவணையெல்லாம் கடல் மட்டத்தில், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் ஊரில் போட்டது. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு குக்கரில்லாமல் வேக மாட்டேன் என்கிறதே, அதே காரணம். பாகின் கொதிநிலையும் ஏறக்குறைய அதே 7 டிகிரி இறங்கிவிடும்.

ஆக, நம் ஊரில் உருட்டுப் பதம் 105 முதல் 109 டிகிரி. நான் 114 வரை விட்டது மதுரைக் கணக்கில் 121. மிட்டாய்ப் பதம். கல்லாகாமல் என்ன ஆகும்?

உங்கள் தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பாருங்கள். 100-க்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவையும் குறிப்பில் சொன்ன டிகிரியிலிருந்து கழியுங்கள். அல்லது என் அம்மா மாதிரி விரலை நம்புங்கள். இரண்டு விரலுக்கு நடுவே இழுபடும் கம்பியும், தண்ணீரில் உருளும் உருண்டையும் பாகில் மிச்சமுள்ள தண்ணீரை நேராக அளக்கின்றன, வெப்பத்தின் வழியாகச் சுற்றிப் போவதில்லை. அதனால்தான் ஒற்றைக் கம்பிப் பதம் ராமேஸ்வரத்திலும் பூம்பாறையிலும் ஒன்றாகவே இருக்கிறது.

சீனிப்பாகு ஆறும்போது பூத்துப்போனால் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அமிலமும் சூடும் சேர்ந்து சீனியில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். சீனி மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நின்றால்தான் படிகம். நடுவில் வேறு இரண்டு ஆட்கள் முண்டியடித்தால் வரிசை கலைந்துவிடும். குலாப் ஜாமூன் பாகுக்கு எலுமிச்சை விடுவது இதற்குத்தான்.

டீச்சர், பிளஸ் டூ படிக்கிறேன். ஃபெலிங் கரைசலையும் டாலன்ஸ் வினைப்பொருளையும் ஒடுக்குவது ஆல்டிஹைடு என்று படித்தோம். ஃபிரக்டோஸில் இருப்பது கீட்டோன். அப்படியிருக்க அதுவும் ஏன் செங்கல் சிவப்பு தருகிறது? எங்கள் சார் "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்கிறார்.
— மாணவி, வத்தலக்குண்டு

வா கண்ணு. இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தப் பக்கம் எழுதவே ஒப்புக்கொண்டேன். மற்றவர்களுக்கு ஒரு வரி: ஃபெலிங், டாலன்ஸ் இரண்டும் சர்க்கரையைச் சோதிக்கும் கரைசல்கள். ஃபெலிங்கின் நீலத்தில் இருக்கும் தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுப்பதைத்தான் ஒடுக்குவது என்கிறோம், ஒடுங்கினால் செங்கல் சிவப்பாகப் படியும்.

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. குளுக்கோஸில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு முதல் கார்பனில், அதனால் ஆல்டிஹைடு. ஃபிரக்டோஸில் இரண்டாவது கார்பனில், அதனால் கீட்டோன். இதுவரை உன் புத்தகம் சரி. ஆனால் ஃபெலிங் கரைசலில் என்னென்ன ஊற்றினாய் என்று யோசித்துப் பார். தாமிர சல்ஃபேட் மட்டும் இல்லை, காரமும் (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை) இருக்கிறது. டாலன்ஸிலும் காரம்தான்.

காரத்தில் ஃபிரக்டோஸ் சும்மா இருக்காது. கீட்டோனுக்குப் பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஒரு ஹைட்ரஜனைக் காரம் பிடுங்கும். முதல் கார்பனுக்கும் இரண்டாவது கார்பனுக்கும் நடுவில் இரட்டைப் பிணைப்பு வரும், இரண்டிலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) நிற்கும். இதற்கு ஈன்டயால் என்று பெயர். இந்த நிலையிலிருந்து ஹைட்ரஜன் எங்கே வந்து ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து மறுபடி ஃபிரக்டோஸும் ஆகலாம், குளுக்கோஸும் ஆகலாம், மேனோஸ் என்ற இன்னொரு ஒற்றைச் சர்க்கரையும் ஆகலாம். மூன்று வீட்டுக்கும் ஒரே திண்ணை என்று வைத்துக்கொள். திண்ணையில் உட்கார்ந்தவர் எந்தக் கதவுக்குள்ளும் போகலாம். 1895-இல் லோப்ரி டி ப்ரைன், வான் ஏகன்ஸ்டைன் என்ற இரண்டு டச்சு வேதியியலாளர்கள் இதைச் சொன்னார்கள். ஆக, சோதனைக் குழாயில் நீ ஊற்றியது கீட்டோனாக இருந்தாலும், காரம் பட்டதும் அதில் ஆல்டிஹைடுகள் உண்டாகிவிடுகின்றன. தாமிரத்தை ஒடுக்க அது போதும்.

சீனியை இதே கரைசலில் போட்டுச் சூடாக்கு. நீலம் நீலமாகவே இருக்கும். குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃபிரக்டோஸின் இரண்டாவது கார்பனும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டதால்தான் அது சீனி. சர்க்கரை மூலக்கூறு பெரும்பாலும் வளையமாகச் சுருண்டு கிடக்கும், அது திறந்தால்தான் ஃபெலிங்கோடு வினை. சீனியில் வளையத்தைத் திறக்க இருவருக்கும் கை இல்லை. அதே சீனிக் கரைசலில் நீர்த்த அமிலம் விட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து, சோடா உப்பால் அமிலத்தை அடக்கிவிட்டு, பிறகு ஃபெலிங் சேர். சிவக்கும். என் வகுப்பில் இதை முதலில் செய்து காட்டிவிட்டுத்தான் பெயர்களையே சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கு வராது. குளுக்கோஸின் சங்கிலியில் நாலு கார்பன்களில் ஹைட்ராக்சில் இடப்பக்கமா வலப்பக்கமா என்ற கேள்வி உண்டு. இரண்டை நாலு முறை பெருக்கினால் 16 வடிவங்கள். அதில் குளுக்கோஸ் எது? எக்ஸ் கதிர் இல்லாத காலத்தில், 1891-இல், ஜெர்மனியின் எமில் ஃபிஷர் இதைக் கண்டுபிடித்தார். அவர் கையிலிருந்த முக்கியமான ஆயுதம் ஃபீனைல் ஹைட்ரசீன், 1875-இல் அவரே கண்டுபிடித்தது. சர்க்கரையோடு அதைச் சேர்த்தால் ஓசசோன் என்ற மஞ்சள் படிகம் வரும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், மேனோஸ் மூன்றும் ஒரே ஓசசோனைத் தருகின்றன. அப்படியானால் மூன்றாவது கார்பனிலிருந்து கீழே மூன்றும் ஒரே அச்சு. இப்படி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் போனார். அந்தப் பொருள் அவர் உடம்பையும் கெடுத்தது. 1902-இல் நோபல் பரிசு.

ஆனால் ஓரிடத்தில் அவருக்கும் வழியில்லை. கிடைத்த வடிவமா, கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமா என்று அந்தக் காலத்து வேதியியலால் சொல்ல முடியாது. ஃபிஷர் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, இதுதான் என்று வைத்துக்கொள்வோம் என்றார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. 1951-இல் ஹாலந்தின் பெய்வூட் என்பவர் எக்ஸ் கதிரால், சர்க்கரையின் வடிவத்தோடு இணைத்துப் பார்க்கக்கூடிய ஒரு டார்ட்டாரிக் அமில உப்பைப் பார்த்து, ஃபிஷர் எடுத்த பக்கம் சரியே என்று காட்டினார். ஃபிஷர் இறந்து 32 வருஷம் ஆகியிருந்தது. தவறாக இருந்திருந்தால் உன் பாடப்புத்தகம் வரை எல்லாப் படங்களையும் திருப்பி வரைந்திருக்க வேண்டும்.

உன் சாரைக் குறை சொல்லாதே. அறுபது பேர் வகுப்பில், மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நானும் "எழுதிக்கோ" என்று சொல்லியிருக்கிறேன்.

சூடான கடுங்காப்பியில் தேன் விட்டால் இனிப்பு எடுப்பதில்லை. அதே காப்பி ஆறினதும் இனிக்கிறது. மனப்பிரமையா?
— வாசகர், பெருமாள்மலை

இல்லை. ஃபிரக்டோஸ் கரைசலில் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. ஆறு மூலை வளையமாகவும் ஐந்து மூலை வளையமாகவும் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு மூலை வளையத்தில் ஒரு வகைதான் நாக்குக்கு நன்றாக இனிக்கும். குளிரில் அந்த வகை அதிகம், சூட்டில் ஐந்து மூலைக்காரர்கள் கூடிவிடுவார்கள். அதனால் ஃபிரக்டோஸ் குளிர்ந்த பண்டத்தில் சீனியை மிஞ்சி இனிக்கும், கொதிக்கும் காப்பியில் சீனியோடு சமமாகவோ கீழேயோ போய்விடும். சீனிக்கு இந்தச் சங்கடம் இல்லை, அதன் வளையங்கள் பூட்டப்பட்டவை. இரண்டு கரண்டி தேன் விட்டுவிட்டு ஆறினதும் திகட்டுகிறது என்று எழுதாதீர்கள். ஒரு கரண்டி விட்டுப் பொறுமையாக இருங்கள்.

பழனி பஞ்சாமிர்தம் ஃபிரிட்ஜ் இல்லாமல் அத்தனை நாள் எப்படிக் கெடாமல் இருக்கிறது? வீட்டில் செய்தால் நாலே நாளில் புளிக்கிறது.
— வாசகி, திண்டுக்கல்

கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் எழுதியிருந்த செய்முறையில் பதில் இருக்கிறது. "பச்சை வாழைப்பழம் ஆறு, சர்க்கரை ஒரு கப், கொஞ்சம் பால்." பாலை யார் விடச் சொன்னது?

பழனியில் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை, அதிலும் விருப்பாச்சி. நம் பழனி மலைச் சரிவில், காப்பித் தோட்டத்து நிழலில் விளைவது. மற்ற வாழையைவிட அதில் ஈரம் குறைவு. அதோடு நாட்டுச் சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சை, நெய், ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்ப்பதில்லை. 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காயில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது குளுக்கோஸை நூல் கோத்த மாதிரி நீளமாகக் கோத்தது, நாக்குக்கு இனிக்காது. பழுக்கப் பழுக்க நொதிகள் அந்த நூலை அறுத்துச் சீனியாகவும் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் மாற்றிவிடும். கன்னங்கரேலென்று தோல் கறுத்த பழத்தில் மாவு நூற்றுக்கு ஒன்றிரண்டுகூட இருக்காது. அரைப்பழுப்பில் பிசைந்தால் மாவு வாய்க்குள் ஒட்டும். அதனால் முதலில் நன்றாகக் கனிய விடுங்கள்.

கெடாமல் இருப்பதற்கு வருகிறேன். கிருமிக்குத் தண்ணீர் வேண்டும். பஞ்சாமிர்தத்தில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அது சும்மா இல்லை. ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் தன் ஹைட்ராக்சில் கைகளால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் விழுந்த கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காதது மட்டுமில்லை, அதன் உடம்பிலிருந்த தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். ஊறுகாயில் உப்பு செய்வதை இங்கே சர்க்கரை செய்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழத்தின் அமிலமும் நொதியும் நாட்டுச் சர்க்கரையின் சீனியை மெல்ல உடைக்கும்போது ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தண்ணீர் மூலக்கூறை விழுங்கியே உடைய வேண்டும். 342 கிராம் சீனி 18 கிராம் தண்ணீரைக் குடித்து 360 கிராம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆகும். தண்ணீர் குறைகிறது, அதைப் பிடிக்கும் கைகள் இரண்டு மடங்கு பேரிடம். பாதுகாப்பு கூடுகிறது. கற்கண்டு மட்டும் கரையாமல் பல்லில் நறுக்கென்று கடிபடுவதும், ஏற்கெனவே நிறைந்துபோன பாகில் அது கரைய இடம் இல்லாததால்தான்.

நீங்கள் விட்ட பால் இந்தக் கணக்கைக் குலைத்துவிட்டது. தண்ணீரையும் கொண்டுவந்து, கிருமிக்குச் சாப்பாடாக லாக்டோஸையும் கொடுத்தீர்கள். அடுத்த முறை பாலை விட்டுவிட்டு, ஈரமில்லாத கரண்டி போடுங்கள்.

மன்னவனூரிலிருந்து தை மாதம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இறக்கினோம். சிப்ஸ் போட்டால் வெளியே கரிகிறது, உள்ளே இனிக்கிறது. விதையில் கோளாறா?
— சிப்ஸ் கடைக்காரர், பெரியகுளம்

விதை நல்ல விதைதான், பனி பட்டிருக்கிறது. ஆறேழு டிகிரிக்குக் கீழே போனால் உருளைக்கிழங்கு தன் மாவை உடைத்துக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் செய்துகொள்ளும். சாறு உறைந்து செல் வெடிக்காமல் இருக்கச் செடி கண்ட தற்காப்பு அது. உங்கள் எண்ணெய்ச் சட்டியில் அந்தச் சர்க்கரையும் கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகின்றன. 1912-இல் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய வினை இது. தோசை முறுகலும் வர்க்கியின் மேல்நிறமும் அவர் கணக்கில்தான் வரும். அளவோடு இருந்தால் மணம், மிஞ்சினால் கசப்பு. அதோடு அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும், 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதை வறுத்த உணவுகளில் கண்டார்கள். கரிந்த சிப்ஸை விற்காதீர்கள்.

மூட்டையைப் பிரித்து, காற்றாட, வெளிச்சம் படாமல், இரண்டு மூன்று வாரம் பெரியகுளத்துச் சூட்டிலேயே போட்டுவையுங்கள். கிழங்கு மூச்சுவிட்டே கொஞ்சம் சர்க்கரையைச் செலவழிக்கும், கொஞ்சத்தைத் திரும்ப மாவாக்கும். முளைவிடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை நாலு வில்லை பொரித்துப் பார்த்தால் எப்போது தயார் என்று நிறமே சொல்லும். அவசரமென்றால் மெலிதாகச் சீவி வெந்நீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, துணியில் ஒற்றிப் பொரியுங்கள். சர்க்கரை தண்ணீரில் இறங்கிவிடும். கொஞ்சம் ருசியும் இறங்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆவணியில் பேரிக்காய் அளவில்லாமல் தின்றால் பிள்ளைகளுக்கு வயிறு கடமுடவென்கிறது. மருந்தடித்த காயா?
— வாசகி, வில்பட்டி

எங்கள் மரத்துக்கு மருந்தே அடிப்பதில்லை. பேரன் போன வருஷம் ஏழு காய் தின்றுவிட்டு அன்று மாலை பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். பேரிக்காயில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம், கூடவே சார்பிட்டால் என்ற சர்க்கரையின் உறவுக்காரப் பொருளும் உண்டு. இரண்டையும் சிறுகுடல் மெதுவாகத்தான் உறிஞ்சும். மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் தண்ணீரை இழுக்கும், அங்கிருக்கும் கிருமிகள் புளிக்கவைத்து வாயு உண்டாக்கும். இரண்டு காய் போதும். காய்களை நன்றாகக் கழுவுங்கள், அது வேறு விஷயம்.

பூம்பாறைப் பூண்டு பச்சையாகக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது. நெருப்பில் சுட்டால் வெல்லம் மாதிரி இனிக்கிறது. அதில் சர்க்கரை எங்கே இருந்தது?
— வாசகர், பூம்பாறை

பூண்டு தன் சேமிப்பை மாவாக வைப்பதில்லை. ஃபிரக்டோஸைச் சங்கிலியாகக் கோத்து வைக்கிறது, ஃபிரக்டான் என்று பெயர். காய்ந்த பூண்டில் பெரும்பங்கு அதுதான். சங்கிலியாக இருக்கும்வரை இனிப்பு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தாலும், பல்லை நசுக்கும்போது உண்டாகும் காரம் அதை மறைத்துவிடும். மெல்லிய தணலில் நேரமெடுத்துச் சுட்டால் காரத்தைச் செய்யும் நொதி செத்துப்போகும், சங்கிலிகளில் சில அறுந்து ஃபிரக்டோஸ் வெளியே வரும், ஓரத்தில் பழுப்பேறி மணமும் சேரும். ஃபிரக்டோஸ் ஆறினால்தான் நன்றாக இனிக்கும் என்று பெருமாள்மலைக்காரருக்கு மேலே எழுதியிருக்கிறேன். சுட்ட பூண்டையும் உடனே வாயில் போடாமல் கொஞ்சம் ஆறவிட்டு உரியுங்கள், விரலும் தப்பிக்கும்.